நடுத்தடத்தில் இரண்டு வண்டிகள்

கடைசித் தட்டு டோனட்டுகளின் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றிக்கொண்டிருந்த லோரீன் நிமிர்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பெக்கம் சாலையின் நடுத்தடத்தில் நான்கு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. நான்கிலும் இடப்பக்க விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஒன்று அவசரமாக, ஒன்று தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல, ஒவ்வொன்றும் தன் தாளத்தில். எப்போதாவது யாரும் திட்டமிடாமல் நான்கும் ஒரே கணத்தில் ஒளிரும். அடுத்த கணமே கலைந்துவிடும். கடை திறந்த நாளிலிருந்து அவள் அந்த ஒரு கணத்துக்காகக் கையை நிறுத்திக் காத்திருப்பது வழக்கம். அது வந்துவிட்டால் அன்றைய நாள் நன்றாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அல்ல, சொன்னால் அது நின்றுவிடும் என்று தோன்றியதால்.

வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடுகிற நாட்டில், காலையில் விற்கிற பண்டத்தைக் காலையில் ஊருக்குள் போகிறவர்களின் வலப்பக்கத்தில் வைத்து விற்க வேண்டும். வியாபாரத்தின் முதல் பாடம் அது. அவள் கணவன் மெர்ல் அந்தப் பாடத்தைப் படிக்காதவன். வடக்கே ஊருக்குள் விரைகிற கூட்டத்துக்கு இடப்பக்கம் இருந்ததால்தான் இந்தக் கட்டடம் மலிவாகக் கிடைத்தது. ஒரு டோனட்டுக்காக எதிரே வருகிற இரண்டு வரிசை வண்டிகளையும் குறுக்கே வெட்டி யார் வருவார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். மெர்ல் சாலையின் நடுவைக் காட்டினான். "அதான் அங்க ஒரு தடம் இருக்கே. வந்து நின்னு, மூச்சு விட்டுட்டு, திரும்பட்டும்." இரு திசைக்கும் பொதுவான தடம். இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு, உள்ளே விட்டுவிட்டுப் போட்ட இன்னொரு மஞ்சள் கோடு. ஊரில் பழைய ஆட்கள் அதைத் தற்கொலைத் தடம் என்பார்கள். லோரீனுக்கு அது சோறு போட்ட தடம். பிழைத்த பதினாறு வருடமும் அவள் பிழைத்தது அதன் மேல்தான்.

கதவு மணி ஒலித்தது. மருத்துவமனைக்குப் பணிக்குப் போகும் டெனீஸ், நீலச் சட்டையில், கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தாள்.

"உன் கடை மட்டும் அந்தப் பக்கம் இருந்திருந்தா நான் இன்னும் பத்து வருஷம் அதிகமா உயிரோட இருப்பேன், லோரீன்."

"அந்தப் பக்கம் இருந்திருந்தா தினம் ரெண்டு தடவை வருவ. பத்து வருஷம் குறைஞ்சிருக்கும். எது வேணும் கண்ணு, வழக்கமானதா?"

"வழக்கமானதுதான். சாஸேஜ் ரோல் ரெண்டு வை. இன்னிக்குத்தானே கூட்டம்? நல்லா நாலு வார்த்தை கேளு அவங்களை."

கேட்கத்தான் போகிறாள். மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்று குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று பேசிப் பார்த்திருந்தாள். நகராட்சி நடுத்தடத்தை எடுத்துவிட்டு அங்கே உயரமான சிமெண்ட் திட்டு கட்டப்போகிறது. வசந்தத்தில் வடக்குக் கோடியில் இரண்டு கார்கள் அந்தத் தடத்துக்குள் நேருக்கு நேர் மோதி ஒரு பெண் இறந்துபோனாள். அவள் குடும்பத்துக்கு லோரீன் ஒரு பெட்டி டோனட் அனுப்பியிருந்தாள். திட்டு வந்தால் உயிர்ச் சேதம் குறையும் என்கிறார்கள். குறையலாம். ஆனால் திட்டு வந்தால் வடக்கே போகிற ஒரு கார்கூட அவள் கடைக்குள் திரும்ப முடியாது. ஒரு டோனட்டுக்காக அடுத்த சிக்னல் வரை போய் வளைத்துக்கொண்டு வருகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம், அவள் வாசலுக்கு நேர் எதிரே, ராய்ஸின் டயர் கடைக் கூரையில் விளம்பரத்துக்காக வைத்த நீலத் துணி மனிதன் எழுந்து நின்றான். கீழே விசிறியைப் போட்டதும் முதலில் இடுப்பு உப்பும், பிறகு மார்பு, கடைசியில் இரண்டு நீளக் கைகளும் வானத்தைப் பார்த்துத் துள்ளும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசை ஆட்கள் கையைத் தூக்கித் துதிக்கிற மாதிரியே இருக்கும். லோரீன் அவனுக்குப் பிரசங்கியார் என்று பெயர் வைத்திருந்தாள். பிரசங்கியார் எழுந்தால் மணி ஏழு. பிரசங்கியார் எழுந்த கொஞ்ச நேரத்தில் ராய்ஸ் ஹேக்லர் சாலையைக் கடந்து வந்து, கறுப்புக் காப்பியும் மேப்பிள் பாகு தடவிய நீள டோனட்டும் வாங்கிக்கொண்டு, ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவான்.

அன்றும் வந்தான். டயர்க் கறை போகாத விரல்களால் டோனட்டைப் பாதியாகப் பிய்த்தான். அவன் கடை முன்னால் புல்லில் நட்டிருந்த பலகையும், அவள் கடை முன்னால் நட்டிருந்த பலகையும் ஒரே வாசகத்தோடு ஒன்றையொன்று பார்த்து நின்றன: எங்கள் நடுத்தடத்தைத் தொடாதே. இரண்டையும் அச்சடித்துக் கொண்டுவந்தவன் ராய்ஸ். அவள் பலகையைச் சுத்தியலால் அடித்து இறக்கியதும் அவனே.

"ராத்திரி தூங்கினியா?" என்றாள்.

"தூங்கினேன்."

"முதல்ல நான் பேசுறேன். எனக்கப்புறம் நீ. சரியா? லாரிக்காரங்களைப் பத்தி நீ சொல்லணும். நான் சொன்னா எடுபடாது."

ராய்ஸ் காப்பியைக் குடித்தான். "பார்க்கலாம்" என்றான். அவன் எப்போதும் குறைவாகப் பேசுகிறவன் என்பதால் அந்தச் சொல்லை அவள் நிறுத்துப் பார்க்கவில்லை.

மெர்ல் இறந்த பிறகு ஒரு வருடம் லோரீன் இடப்பக்கம் திரும்பாமல் வாழ்ந்தவள். அதுவரை காரை எடுத்ததெல்லாம் அவன்தான். அவளுக்கு ஓட்டத் தெரியும், ஆனால் நடுத்தடத்தில் இறங்கினால் எதிரே வருகிற எல்லா வண்டிகளும் தன்னை நோக்கியே வருவதாகத் தோன்றும். ஆகவே விடிகாலையில் தன் கடையைத் தாண்டி, சிக்னலைத் தாண்டி, பாப்டிஸ்ட் தேவாலயத்தின் வாகன நிறுத்தத்துக்குள் புகுந்து சுற்றி, மறுபடி தெற்கே வந்து வலப்பக்கமாகக் கடைக்குள் நுழைவாள். தினமும் தன் சொந்தக் கடையைத் தாண்டிப் போகிற பெண்ணை எதிர்க்கடைக்காரன் கவனிக்காமல் இருப்பானா? ஒரு நாள் ராய்ஸ் வந்து, எதுவும் கேட்காமல் அவள் காரின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

"கிளப்பு" என்றான்.

அந்த வாரம் முழுக்கப் பெக்கம் சாலையில் மேலும் கீழும் போனார்கள். அவன் குரல் உயரவே இல்லை. "முதல்ல விளக்கு. அப்புறம் கண்ணாடி. அப்புறம் எதிர்ல பாரு, எவனாவது இதே தடத்துக்குள்ள இறங்கிட்டானான்னு. இது உன் தடமும் இல்லை, அவன் தடமும் இல்லை. முதல்ல இறங்கினவனுக்கு விட்டுடணும்." பிறகு, "உள்ள வந்தா முழுசா வா. வாலை வெளிய நீட்டிக்கிட்டு நிக்காதே." பிறகு, "ரொம்ப முன்னாடியே இறங்காதே. இது ஓட்டுற தடம் இல்லை, நிக்கிற தடம்." அவள் பதற்றத்தில் ஸ்டியரிங்கை முன்கூட்டியே ஒடித்து வைத்துக்கொண்டு நின்றபோது அவன் கைநீட்டி அதை நேராக்கினான். "நிக்கிற வரைக்கும் சக்கரம் நேரா இருக்கணும். ஒடிச்சு வச்சிருக்கும்போது பின்னாடி எவனாவது தட்டினா உன்னைக் கொண்டுபோய் எதிர் வண்டிக்குள்ள சொருகிடுவான். நேரா இருந்தா முன்னாடிதான் தள்ளுவான். பிழைச்சுக்கலாம்."

கடையிலிருந்து வெளியேறி வடக்கே போவதற்கும் அவனே ஒரு வழி சொன்னான். "பாதி பாதியா போ. முதல்ல நடு வரைக்கும் வா. அங்க நில்லு. அப்புறம் இடம் கிடைச்சதும் அந்த வரிசையில சேர்ந்துக்கோ."

"அது சரியா? நடுத்தடம் உள்ள திரும்புறதுக்குத்தானே?"

"புத்தகத்துல சரியில்லை. பெக்கம் ரோட்ல சரி" என்று சிரித்தான். அவன் சிரிப்பது அபூர்வம். அதனால் அந்த வாக்கியம் அவளுக்குள் ஒரு பரிசைப்போலத் தங்கிவிட்டது.

அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த இன்னொன்றும் அந்தத் தடத்தில் இருந்தது. பிற்பகலில் சரக்கு வாங்கிக்கொண்டு அவள் தெற்கிலிருந்து வருவாள். வங்கிக்குப் போய்விட்டு அவன் வடக்கிலிருந்து வருவான். இருவர் வாசலும் நேருக்கு நேர் என்பதால் நடுத்தடத்தில் மூக்கோடு மூக்காக நிற்க நேரும். அவனுடைய பெரிய பிக்கப் வண்டி அவளுக்கு எதிரே வருகிற வண்டிகளை மறைக்கும். அவள் கார் கூரையில் மெர்ல் பொருத்திய பெரிய பிளாஸ்டிக் டோனட் அவனுக்கு மறைக்கும். அவள் வெட்டிப் போக வேண்டிய சாலை அவன் பின்கண்ணாடியில் தெரியும். அவன் வெட்டிப் போக வேண்டிய சாலை அவள் கண்ணாடியில் தெரியும். ஆகவே ராய்ஸ் தன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, வழி காலியானதும், ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவான். அவள் போய்விடுவாள். அல்லது அவள் தூக்குவாள், அவன் போவான். தான் பார்க்காத சாலையில், இன்னொருவர் விரலை நம்பி, ஆக்சிலரேட்டரை மிதிப்பது. அவள் வாழ்க்கையில் அதைவிட நெருக்கமான ஒன்று மெர்லுக்குப் பிறகு யாரோடும் நடந்ததில்லை. அதற்குப் பெயர் எதுவும் வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

நகராட்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பெக்கம் சாலைக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்: மெத்தைக் கடை, சலவைக் கடை, துப்பாக்கியும் தூண்டிலும் விற்கிறவர், பூக்காரி. லோரீன் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து ராய்ஸுக்கு இடம் பிடித்திருந்தாள். அவன் தாமதமாக வந்து, பின்வரிசையில், கதவோரம் உட்கார்ந்தான். அவள் திரும்பிக் கையைக் காட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். கூட்டத்தைத் தாண்டி வரக் கூச்சப்படுகிறான் என்று நினைத்துக் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பொறியாளர் இளம்பெண். மரியாதையாகப் பேசினாள். "நான் யார் மேலயும் குத்தம் சொல்ல வரலை. அந்தத் தடத்தை நாம எப்படிப் பயன்படுத்துறோம்னு மட்டும் காட்டுறேன்" என்றாள். திரையில் பெக்கம் சாலை வந்தது, உயரத்திலிருந்து, சற்றுச் சாய்வாக. வெள்ளைக் கார் ஒன்று நடுத்தடத்திலேயே வெகுதூரம் ஓடிவந்து முன்னால் போன வண்டிகளை முந்தியது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அடுத்து ஒரு வேன் பாதி உடம்பு தடத்திலும் பாதி வெளியிலுமாக நிற்க, பின்னால் வந்தவன் கடைசி நொடியில் ஒதுங்கினான். அடுத்து ஒரு கார். கூரையில் பெரிய இளஞ்சிவப்பு டோனட்.

லோரீனுக்குத் தன் காரைத் தன் காராக அடையாளம் காண ஒரு கணம் ஆனது. மேலிருந்து அதை அவள் பார்த்ததே இல்லை. பொம்மைபோல இருந்தது. பொம்மை கடையிலிருந்து வெளியே வந்தது, இரண்டு வரிசையைக் கடந்தது, நடுவில் நின்றது. எதிரே இடப்பக்கம் திரும்புவதற்காக அதே தடத்தில் இறங்கிய ஒரு லாரி மூக்கைத் தரையில் குத்துவதுபோல பிரேக் போட்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து போகும் அளவுக்குத்தான் இடம். பொம்மைக் கார் எதுவும் நடக்காததுபோல வரிசையில் சேர்ந்துகொண்டு போய்விட்டது. அது நடந்த அன்று மாலை அவளுக்கு நினைவு வந்தது. ராய்ஸிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தாள். "நீ சரியாத்தான் பண்ணியிருக்க. லாரிக்காரன்தான் பார்த்திருக்கணும்" என்றான் அவன்.

"கடையிலேருந்து வெளிய வர்றவங்க நடுத்தடத்துல நின்னு சேர்ந்துக்கிறது நம்ம நகர விதிப்படி தப்பு. ஆனா இந்தச் சாலையில அது பழக்கமாயிடுச்சு" என்றாள் பொறியாளர்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் அவள் உயரத்துக்கு அதிகமாக இருந்தது. கண்ணாடி முன் பேசிப் பார்த்த சொற்களில் ஒன்றுகூட வாயில் இல்லை.

"அது என் கார்" என்றாள். பின்னால் சிலர் அன்பாகச் சிரித்தார்கள். "எல்லாருக்கும் தெரியும். கூரையில டோனட் வச்சவ ஊர்ல நான் ஒருத்திதான்."

மேயர் புன்னகைத்தார். "உங்களைக் குறிவச்சு எடுத்தது இல்லை மேடம்."

"எனக்கு அப்படித்தான் போகணும்னு சொல்லிக் கொடுத்தாங்க." அவள் திரையைப் பார்த்தாள். படம் நின்று போயிருந்தது. ஏதோ ஒன்று கண்ணில் உறுத்தியது, பல்லிடுக்கில் மாட்டிய நார்போல. "அதை இன்னொரு தடவை போட முடியுமா?"

பொறியாளர் தயங்கிவிட்டு ஓடவிட்டாள். பொம்மைக் கார் மறுபடி வெளியே வந்தது. லோரீன் காரைப் பார்க்கவில்லை. படத்தின் வலது மேல் மூலையைப் பார்த்தாள். அங்கே நீலமாக ஏதோ எட்டிப் பார்த்து மறைந்தது. மறுபடி வந்தது, இம்முறை நீளமாக, விரல்களற்ற, துணியாலான ஒரு கை. சாலையின் மேல் ஆசீர்வதிப்பதுபோலத் தாழ்ந்து, துள்ளி, விலகியது.

முதலில் சலவைக் கடைக்காரர் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றது. பெக்கம் சாலை வரிசை முழுக்க, நாற்காலி நாற்காலியாக, தலைகள் கதவோரம் திரும்பின.

இரண்டு வருடத்துக்கு முன் டயர்கள் திருடு போனதும் ராய்ஸ் கூரையில் கேமரா பொருத்தினான். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவள் லோரீன். "சாலைப் பக்கம் திருப்புறேன். உன் வாசலும் தெரியும். உனக்கும் காவல்" என்று மேலிருந்து சொன்னான். தலையை அண்ணாந்து, கண்ணில் வெயில் குத்த, அவள் அவன் காலணியின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் மைக்கிலிருந்து திரும்பிக் கதவோரத்தைப் பார்த்தாள். ராய்ஸ் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு மேடம்" என்றார் மேயர்.

"வேண்டாம்" என்றாள் லோரீன்.

அடுத்து ராய்ஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து நின்று, "நான் பேசலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

வாக்கெடுப்புக்கு முன் வரைபடம் காட்டினார்கள். சாலையின் நடுவே பச்சை நிறத்தில் நீளமான திட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை. அதில் ஒரே ஓர் இடத்தில் வெட்டு. அவள் கடைக்கும் டயர் கடைக்கும் நேர் நடுவில். ஒரு கணம், ஒரே ஒரு கணம், லோரீனின் நெஞ்சு எழுந்தது. ராய்ஸ் நமக்காகத்தான் செய்திருக்கிறான், இதைத்தான் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாள். பொறியாளர் சுட்டுகோலை அங்கே வைத்தாள். தெற்கே போகிற லாரிகள் டயர் கடைக்குள் திரும்புவதற்கு மட்டும் இந்த வழி. அதற்குத் தேவையான நிலத்தை உரிமையாளரே விட்டுக்கொடுத்திருக்கிறார். வடக்கே போகிறவர்கள் திரும்ப முடியாதபடி திட்டு இங்கே வளைந்து அடைக்கும். வளைவு சின்னதாக, அழகாக இருந்தது, காதோரம் சுருண்ட முடிபோல. அவள் வாசலின் எதிரிலேயே இருந்தது.

நகராட்சி உறுப்பினர்களின் எல்லாக் கைகளும் ஆதரவாக உயர்ந்தன, ஒன்றைத் தவிர.

மறுநாள் பிரசங்கியார் ஏழு மணிக்கு எழுந்தார். ராய்ஸ் வரமாட்டான் என்று நினைத்தாள். வந்தான். வரிசையில் நின்றிருந்த டெனீஸ் அவனைப் பார்த்ததும் தன் பையை எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல், அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். அவன் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான்.

"மேப்பிள் இல்லை இன்னிக்கு" என்றாள் லோரீன்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டு நிறைய மேப்பிள் டோனட்டுகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான்.

"சரி" என்றான். "காப்பி மட்டும்."

அவள் ஊற்றினாள். அவன் குடிக்கவில்லை. காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அது எப்படியும் வரத்தான் போகுது, லோரீன். பலகை நட்டா நின்னுடும்னு நீ நம்பின. நான் நம்பலை. அவங்க என்கிட்ட வந்தாங்க. ஒரே ஒரு வெட்டுதான் விடமுடியும்னாங்க. யாராவது ஒருத்தராவது பிழைக்கட்டும்னு பட்டுச்சு."

"அந்த ஒருத்தர் யாருன்னு எப்ப முடிவு பண்ணின? பலகை நடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் கோப்பைக்குள் பார்த்தான்.

"முன்னாடியா" என்றாள் அவள், கேள்வியாக இல்லாமல்.

"கேமராப் படம் மொத்தமாத்தான் கொடுத்தேன். அவங்க எதை எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"நீ பார்க்கவே இல்லையா?"

வெளியே நடுத்தடத்தில் மூன்று கார்கள் நின்றன. அவன் அவற்றைப் பார்த்தான். அவன் பொய் சொல்லியிருந்தால் அவள் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். ஆனால் அவன் பொய் சொல்லத் தெரியாதவன். பேசாமல் இருக்கத் தெரிந்தவன். இத்தனை வருடம் அது இரண்டும் ஒன்று என்று அவள் நினைத்திருந்தாள்.

"பார்த்தேன்" என்றான்.

"எனக்கு நீதானே சொல்லிக் கொடுத்த ராய்ஸ். பாதி பாதியா போன்னு."

"ஆமாம்."

"புத்தகத்துல சரியில்லைன்னு அப்பவே சொன்ன."

"சொன்னேன்."

"அதைச் சொல்லிச் சிரிச்ச."

அவன் காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். சாலையைக் கடப்பதற்குள் நடுத்தடத்தில் ஒரு கணம் நின்று இருபுறமும் பார்த்தான். ஜன்னலிலிருந்து பார்க்கையில் திரையில் பார்த்த பொம்மைபோல அவனும் சிறியவனாக இருந்தான். அந்த வாரத்திலேயே அவன் கடை முன்னாலிருந்த பலகை காணாமல் போனது. புல்லில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவள் பலகையை அவள் எடுக்கவில்லை. ராய்ஸ் ஆழமாக அடித்து இறக்கியிருந்தான்.

சாலைக்காரர்கள் வந்து தாரின் மேல் ஆரஞ்சு நிறத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். திட்டு எங்கே தொடங்கும், எங்கே வளையும் என்ற அடையாளங்கள். வேலை முதல் உறைபனிக்கு முன் முடிந்துவிடும் என்றார்கள். அதுவரை நடுத்தடம் நடுத்தடம்தான். காலையில் விளக்குகள் மின்னின. அவள் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். "உன்னை விட்டுட மாட்டோம், சிக்னல் வரைக்கும் போய்ச் சுத்திக்கிட்டாவது வருவோம்" என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். சொல்லும்போது எல்லாருமே மனதாரச் சொன்னார்கள். அவள் "வாங்க கண்ணு" என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கொடுத்தாள்.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல், பின்னிருக்கையில் மாவு மூட்டைகளும் எண்ணெய் டின்களுமாக, லோரீன் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தாள். தெற்கு அடிவானத்தில் மேகம் கறுத்திருந்தது. காற்று சாலையோரத் தூசியை எழுப்பிக்கொண்டிருந்தது. கடை கண்ணில் பட்டதும் விளக்கைப் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். எதிரே பார்த்தாள். முழு உடம்போடு தடத்துக்குள் இறங்கி, ஆரஞ்சுக் கோட்டின் மேல் நின்றாள். அப்போதுதான் எதிரே ராய்ஸின் பிக்கப் இறங்கி வந்து, மூக்கோடு மூக்காக, பத்தடித் தூரத்தில் நின்றது.

விலகிப் போக வழியில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொரு கார் விளக்கு மின்ன வந்து நின்றுவிட்டது. இரண்டு முன்கண்ணாடிகளின் வழியே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் முகத்தில் சவரம் செய்யாத வெள்ளை முடி தெரிந்தது. பிக்கப்பின் அகன்ற உடம்பு அவளுக்கு எதிர்ச் சாலையை முழுவதுமாக மறைத்தது. ஏதோ பெரிய வண்டி அதற்குப் பின்னாலிருந்து சட்டென்று தோன்றி அவளைக் கடந்து போனது. அதன் காற்றில் அவள் கார் லேசாக ஆடியது. இன்னொன்று போனது. பிறகு சத்தம் இல்லை.

ராய்ஸ் கண்ணை உயர்த்தித் தன் கண்ணாடியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான், வழக்கத்தைவிட அதிகமாக. பிறகு அவளைப் பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கினான்.

அவள் கால் பிரேக்கிலேயே இருந்தது. அந்த விரல் பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். தன் உடம்பின் எந்த இடம் அதை நம்புகிறது என்பதுகூடத் தெரியும். ஆனால் கால் எழவில்லை. விரல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடங்கியது. பிக்கப்பின் பின்னாலிருந்து ஒரு கார் வந்து அவளைக் கடந்து போனது, பிறகு வரிசையாகப் பல.

பின்னால் நின்றவன் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

இப்போது ராய்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இருந்த அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவள் காரின் பின்னால் எதுவும் தெரியாது. பிளாஸ்டிக் டோனட்டும் பின்னால் நின்ற காரும் எல்லாவற்றையும் மறைத்திருக்கும். பிக்கப்பின் முன்சக்கரங்கள் ஏற்கெனவே இடப்பக்கம் திரும்பியிருந்ததை அவள் கவனித்தாள். யார் தட்டினாலும் எதிர் வண்டிக்குள் போய்ச் சொருகும்படி, அவ்வளவு முழுமையாக ஒடித்து வைத்துக்கொண்டு, அவள் விரலுக்காக அவன் காத்திருந்தான்.

லோரீன் கண்ணாடியைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற காரைத் தாண்டி, மேகம் வரைக்கும், வடக்கே வருகிற சாலை காலியாகக் கிடந்தது. கூரையில் பிரசங்கியார் காற்றுக்கு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் விளக்கும் அவன் விளக்கும் மாறி மாறி மின்னின, நெருங்கின, ஒரே கணத்தில் ஒளிர்ந்தன, கலைந்தன. சக்கரத்தை நேராகப் பிடித்திருந்த அவள் கையில் ஐந்து விரல்களும் அசையாமல் இருந்தன.